குழந்தைப் பருவத்தில் புற்றுநோயிலிருந்து மீண்டவர்கள், பெரியவர்களான பின் மனத்தால் எப்படிச் சமாளிக்கிறார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குழந்தையாகவோ பதின்பருவத்திலோ புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்று, இன்று வேலை, குடும்பம் என்று வாழ்ந்துகொண்டிருக்கும் பெரியவர்களுக்காகவும், அவர்களோடு ஒரே வீட்டில் இருப்பவர்களுக்காகவும் இந்தக் கேள்விகளும் பதில்களும் எழுதப்பட்டுள்ளன.

சிகிச்சை முடிந்து பல ஆண்டுகள் ஆன பிறகு மனநலத்தைப் பற்றித் தனியாகப் பேச வேண்டிய தேவை என்ன?

இந்தக் கேள்வியைக் கேட்பதற்கே ஒரு தலைமுறை பிழைத்து வளர வேண்டியிருந்தது. 1940களின் இறுதியில் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர் அமினோப்டெரின் மருந்தைக் கொடுத்து, ரத்தப் புற்றுநோய் கண்ட சில குழந்தைகளுக்கு நோய் தற்காலிகமாக அடங்கச் செய்தார். அதற்கு முன் அந்நோய் வந்த குழந்தை பெரும்பாலும் சில மாதங்களில் இறந்துவிடும் என்பதே நிலை. 1960களில் மெம்ஃபிஸ் நகரத்தின் செயின்ட் ஜூட் மருத்துவமனையில் டொனால்ட் பிங்கெலின் குழு பல மருந்துகளையும் தலைக்கான கதிர்வீச்சையும் சேர்த்துக் கொடுத்த பிறகுதான், 'குணம்' என்ற சொல்லை மருத்துவர்கள் துணிந்து வாயில் எடுத்தார்கள். இன்று வசதி மிக்க நாடுகளில், புற்றுநோய் கண்ட குழந்தைகளில் 80 சதவீதத்துக்கும் அதிகமானோர் ஐந்து ஆண்டுகளைக் கடந்து வாழ்கிறார்கள்.

நம் பக்கத்தில் அந்தத் திருப்பம் சற்றுப் பிந்தி வந்தது. 1980களில் சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம், மும்பை டாடா நினைவு மருத்துவமனை, டெல்லி எய்ம்ஸ் ஆகிய மூன்று இடங்களும் எம்சிபி 841 என்ற ஒரே சிகிச்சை முறையைக் கைக்கொண்டதும், ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகள் பிழைக்கும் விகிதம் கணிசமாக உயர்ந்தது. அன்று தலைமுடி கொட்டிய நிலையில் அந்த வார்டுகளில் படுத்திருந்த குழந்தைகளில் பிழைத்தவர்களுக்கு இன்று முப்பது, நாற்பது வயதாகிறது. 'குணப்படுத்தினால் மட்டும் போதாது' என்று அமெரிக்க மருத்துவர் ஜூலியோ டாஞ்சியோ 1975-லேயே எழுதினார். அந்தப் போதாமையின் ஒரு பங்கு உடலிலும் இன்னொரு பங்கு மனத்திலும் இருக்கிறது.

அப்படியென்றால் மீண்டவர்களில் பெரும்பாலோருக்கு மனநலச் சிக்கல் இருக்கிறதா?

இல்லை. இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் 'சின்ன வயசிலேயே இவ்வளவு பட்டிருக்கிறாய், மனசு உடைந்துதான் போயிருக்கும்' என்ற அனுதாபமே பலருக்குச் சுமையாகிவிடுகிறது.

இந்தத் துறையில் நாம் அறிந்தவற்றில் பெரும்பங்கு, அமெரிக்காவிலும் கனடாவிலும் 1994-ல் தொடங்கி இன்றுவரை தொடரும் ஒரு பெரிய கூட்டாய்விலிருந்து வருகிறது. 1970-க்குப் பிறகு, 21 வயதுக்குள் புற்றுநோய் கண்டறியப்பட்டு ஐந்து ஆண்டுகளைக் கடந்தவர்களை அது பல பத்தாண்டுகளாகப் பின்தொடர்ந்து வருகிறது. ஒப்பிட்டுப் பார்க்க அவர்களுடைய கூடப்பிறந்தவர்களையே எடுத்துக்கொண்டார்கள். ஒரே வீட்டில், ஒரே வருமானத்தில் வளர்ந்தவர்களிடையே வேறுபாடு தெரிந்தால் அதற்குக் காரணம் நோயாகவோ சிகிச்சையாகவோ இருக்கும் வாய்ப்பு அதிகம் என்பதால், இது நல்ல ஏற்பாடு. (தம்பிக்குப் புற்றுநோய் வந்த வீட்டில் அக்காவும் எதையும் அனுபவிக்காமல் வளர்ந்திருக்க மாட்டாள் என்பது வேறு விஷயம், அந்த அளவில் இந்த ஒப்பீடு கொஞ்சம் குறைத்தே காட்டும்.)

அந்த ஆய்வில் பெரும்பான்மையினர் மனச்சோர்விலோ பதற்றத்திலோ குறிப்பிடத்தக்க சிக்கல் இல்லாமல் வாழ்கிறார்கள் என்பது திரும்பத் திரும்ப உறுதியாகியிருக்கிறது. ஆனால் சிக்கல் உள்ள சிறுபான்மை, கூடப்பிறந்தவர்களிடையே இருப்பதைவிடப் பெரியது. 2010-ல் வெளியான முடிவுகளின்படி, அன்றாட வாழ்வைப் பாதிக்கும் அளவுக்கு அதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் மீண்டவர்களில் 9 சதவீதத்தினரிடமும், கூடப்பிறந்தவர்களில் 2 சதவீதத்தினரிடமும் காணப்பட்டது. நூறு பேர் கூடிய ஓர் அறையில் தொண்ணூறு பேர் நலமாக இருப்பது, மீதமுள்ளவர்களில் ஒருவராக நீங்கள் இருந்தால் உங்களுக்கு ஆறுதல் தராது; 'மற்றவர்களெல்லாம் நன்றாக இருக்கும்போது எனக்கு மட்டும் ஏன்' என்ற வெட்கத்தையே தரும். அந்த வெட்கத்துக்குக் காரணமில்லை என்பதை அடுத்த பதில் காட்டும்.

யாருக்குச் சிரமம் அதிகம்?

மனவலிமை குறைந்தவர்களுக்குத்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். தரவுகள் வேறு விதமாகப் பேசுகின்றன. மூளைக்கட்டிக்குச் சிகிச்சை பெற்றவர்கள், தலைக்குக் கதிர்வீச்சு பெற்றவர்கள், ஓயாத உடல்வலியோடு இருப்பவர்கள், முகத்திலோ கழுத்திலோ கண்ணுக்குத் தெரியும் தழும்பு உள்ளவர்கள், முடி திரும்ப முளைக்காதவர்கள், படிப்பும் வருமானமும் தடைப்பட்டவர்கள் ஆகியோரிடம் மனச்சோர்வும் பதற்றமும் கூடுதலாக இருக்கின்றன. அதாவது, நோய் உடலில் எதை விட்டுச் சென்றது என்பதைப் பொறுத்தே மனத்தின் பாடும் பெருமளவு அமைகிறது.

விட்டுச் செல்வதும் சிறிதல்ல. இதே கூட்டாய்வில் 2006-ல் வெளியான கணக்குப்படி, நோய் கண்டறியப்பட்டு 30 ஆண்டுகள் ஆகும்போது ஏறத்தாழ 73 சதவீதத்தினருக்கு ஏதாவது ஒரு நாள்பட்ட உடல்நலக் குறைபாடு வந்திருந்தது. நாற்பது வயதில் இதயம் பலவீனமாகிவிட்டது என்று அறிகிற ஒருவரின் மனச்சோர்வை, சிறுவயது நினைவுகளில் மட்டும் தேடிக்கொண்டிருப்பது வீண்.

இருபது ஆண்டுகள் நன்றாகத்தான் இருந்தேன். இப்போது ஏன் எல்லாம் திரும்பி வருகிறது?

இதுவே மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி. கேட்பவர்கள் பெரும்பாலும் தங்களுக்கு ஏதோ கோளாறு என்ற சந்தேகத்தோடுதான் கேட்கிறார்கள். மீண்டவர்களைப் பல ஆண்டுகள் இடைவெளியில் மீண்டும் மீண்டும் விசாரித்த ஆய்வுகளில், பெரும்பாலோர் தொடக்கத்திலிருந்தே நிலையாக இருந்தபோதும், காலம் செல்லச் செல்ல அறிகுறிகள் கூடிக்கொண்டே போன ஒரு சிறு பிரிவும் தனியாகத் தெரிந்தது. காலம் எல்லாவற்றையும் ஆற்றிவிடும் என்று நாம் சொல்லிக்கொள்வது இவர்கள் விஷயத்தில் பொய்த்துப்போகிறது.

காரணங்கள் பல. முதலாவது, நான்கு வயதுக் குழந்தைக்குத் தன் நோயின் பொருள் தெரியாது. அதற்குத் தெரிந்தது முதுகில் போட்ட ஊசியும், அம்மா வெளியே நிறுத்தப்பட்ட கதவும், ஸ்பிரிட் வாடையும்தான். 'நான் செத்துப்போயிருக்கக்கூடும்' என்ற அறிவு பதினைந்து வயதிலோ இருபத்தைந்து வயதிலோதான் முழுதாக வந்து சேர்கிறது. அப்போது சுற்றியிருக்கும் எல்லோருக்கும் அது பழைய கதை, உங்களுக்கு மட்டும் புதிய செய்தி.

இரண்டாவது, வாழ்க்கையின் ஒவ்வொரு வாசலிலும் நோய் வேறொரு வடிவில் எதிர்ப்படுகிறது. வேலைக்கான மருத்துவப் பரிசோதனை, பெண் பார்க்கும் பேச்சு, கருத்தரிப்பில் தாமதம், காப்பீட்டு விண்ணப்பத்தில் 'முன்பு ஏதேனும் பெரிய நோய் இருந்ததா' என்ற கட்டம் என எல்லாமே பழைய கோப்பைத் திறக்கச் சொல்கின்றன. (பிரான்சில் 2022-ல் வந்த சட்டத்தின்படி, சிகிச்சை முடிந்து ஐந்து ஆண்டுகள் கடந்திருந்தால், நோய் திரும்பாதவர் வீட்டுக் கடனுக்கான காப்பீட்டில் தம் புற்றுநோயைக் குறிப்பிட வேண்டியதில்லை. மற்ற நாடுகளும் பார்த்துக் கற்க வேண்டிய ஏற்பாடு.)

மூன்றாவது, உங்கள் குழந்தை நீங்கள் நோயுற்ற வயதை எட்டுவது. அதன் காலில் நீலம் பாய்ந்து கன்றிய ஓர் இடத்தைப் பார்த்ததும், ஓடி விழுந்திருக்கும் என்று மற்ற தாய் தந்தையர் நினைப்பதை உங்களால் நினைக்க முடியாமல் போகிறது. அதோடு, அன்று உங்கள் பெற்றோர் எப்படி இருந்திருப்பார்கள் என்பதும் முதன்முறையாக உறைக்கிறது.

எனக்கு அந்த நாட்கள் நினைவிலேயே இல்லை. அப்படியும் பாதிக்குமா?

நினைவில்லாதவர்களுக்கு வரும் பாதிப்பு பெரும்பாலும் வீட்டின் வழியாக வருகிறது. சிகிச்சையால் உண்டான அதிர்ச்சியின் அறிகுறிகள் குழந்தைகளைவிடப் பெற்றோரிடமே அதிகம் என்பது பல ஆய்வுகளில் கண்ட உண்மை. இருபது வருடம் கழித்தும் சாதாரணக் காய்ச்சலுக்கு முகம் வெளுக்கும் அம்மாவும், வெளியூர் வேலைக்கு அனுப்ப மறுக்கும் அப்பாவும் ஒரு செய்தியைச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள்: உன் உடம்பை நம்ப முடியாது. அந்தச் செய்தியோடு வளர்ந்தவருக்குத் தனியாக ஒரு நினைவு தேவையில்லை.

அதைப் பற்றி நினைக்காமலே வாழ்கிறேன். அது தவறா?

தவறு இல்லை. ஒரு காலத்தில், துன்பத்தை வெளிப்படையாகச் சொல்லாதவர்கள் உள்ளுக்குள் புழுங்குகிறார்கள் என்றே உளவியலாளர்கள் கருதினார்கள். செயின்ட் ஜூட் மருத்துவமனையில் ஷான் ஃபிப்ஸ் நீண்ட காலம் செய்த ஆய்வுகள் அந்த எண்ணத்தைச் சற்று அசைத்தன. புற்றுநோய் கண்ட குழந்தைகளில் கணிசமானோர் வேதனையைப் பெரிதுபடுத்தாமல், கவனத்தை வேறு பக்கம் திருப்பி வைக்கும் இயல்பைக் கொண்டிருந்தார்கள். அது அவர்களுக்குப் பெரும்பாலும் உதவியாகவே இருந்தது. யாரையும் உட்கார வைத்து, 'அழு, அழுதால்தான் சரியாகும்' என்று வற்புறுத்துவதற்கு ஆதாரம் கிடையாது.

ஆனால் இரண்டு காரியங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். தினமும் நோயை நினைக்காமல் இருப்பது ஒன்று. இதயத்தைப் பாதிக்கக்கூடிய டாக்ஸோரூபிசின் போன்ற மருந்து ஏறிய உடம்போடு, பயத்தால் பத்து ஆண்டுகள் எக்கோ பரிசோதனை எடுக்காமல் இருப்பது மற்றொன்று. முதலாவது சமாளிப்பு. இரண்டாவதும் உள்ளுக்குள் அதே போன்ற நிம்மதியைத்தான் தரும். அதனால்தான் அது ஆபத்தானது. மறதியால் நீங்கள் எதையாவது செய்யாமல் விடுகிறீர்களா என்று பாருங்கள். விடவில்லை என்றால், மறந்தே இருங்கள்.

என்ன நோய் என்றே எனக்குச் சரியாகச் சொல்லவில்லை. இனிமேல் தெரிந்துகொண்டு என்ன ஆகப்போகிறது?

'ரத்தத்தில் கோளாறு', 'கட்டி மாதிரி ஒன்று', 'சின்ன வயசில் உடம்பு முடியாமல் இருந்தாய்' என்ற அளவிலேயே சொல்லப்பட்டு வளர்ந்தவர்கள் நம்மிடையே ஏராளம். இது இங்கு மட்டும் உள்ள குறையும் அல்ல. வட அமெரிக்கக் கூட்டாய்வில் 635 பேரை விசாரித்து 2002-ல் வெளியிட்ட முடிவில், தம் நோயின் பெயரைத் துல்லியமாகச் சொன்னவர்கள் 72 சதவீதம். பழைய சிகிச்சையால் பிற்காலத்தில் கடுமையான உடல்நலச் சிக்கல் வரலாம் என்று அறிந்திருந்தவர்களோ 35 சதவீதம்தான்.

தெரிந்துகொள்வதால் இரண்டு பயன்கள். உடலைப் பொறுத்தவரை, எந்த மருந்து எவ்வளவு ஏறியது, எங்கே கதிர்வீச்சு பட்டது என்பதை வைத்துத்தான் இனி எந்த உறுப்பைக் கவனிக்க வேண்டும் என்று டாக்டர் சொல்ல முடியும். மனத்தைப் பொறுத்தவரை, எல்லையில்லாத பயத்துக்கு ஓர் எல்லை கிடைக்கிறது. 'எனக்கு என்னவும் வரலாம்' என்று இருந்தது, 'இதயத்தையும் தைராய்டையும் பார்த்துக்கொள்ள வேண்டும், மற்றவை எல்லோருக்கும் உள்ளதுபோல்' என்று சுருங்குகிறது. சமாளிப்பதற்கு இதைவிட நல்ல தொடக்கம் இருப்பதாக நான் கருதவில்லை. மூச்சுப் பயிற்சியும் தியானமும்கூட இதற்குப் பிறகுதான்.

பெற்றோர் சொல்லாமல் விட்டதற்குக் கோபம் வருவது இயல்பு. அன்று அவர்களுக்கும் யாரும் விளக்கமாகச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஒவ்வொரு செக்-அப்புக்கும் முன்னால் ஒரு வாரம் தூக்கம் வருவதில்லை. இது நோயா?

நோய் திரும்பிவிடுமோ என்ற இந்தப் பயத்துக்கு, பாஸ்டனைச் சேர்ந்த கூச்சரும் ஓ'மேலியும் 1981-லேயே, தலைக்கு மேல் ஒற்றைக் குதிரை மயிரில் வாள் தொங்க விருந்துக்கு உட்கார்ந்த, பழங்கதை மனிதர் டமாக்ளிஸின் பெயரைக் கொடுத்தார்கள். பரிசோதனைக்கு முன் ஏறி, முடிவு வந்ததும் இறங்கும் பதற்றம் நோயல்ல. முடிவு நல்லபடியாக வந்த பிறகும் இறங்காமல் அடுத்த பரிசோதனை வரை நீடித்தாலோ, ஒரே பரிசோதனையை வேறு வேறு இடங்களில் திரும்பச் செய்யத் தூண்டினாலோ உதவி தேட வேண்டும்.

நடைமுறையில் உதவுவன எளியவை: காலை முதல் நேரத்தைக் கேட்டு வாங்குவது, முடிவை எந்த நாளில், யார் சொல்வார்கள் என்று முன்பே உறுதி செய்துகொள்வது, பேச்சுத் துணையாக ஒருவரை அழைத்துப் போவது. அந்த ஒருவர் உங்களைவிட அதிகம் பயப்படுபவராக இருக்க வேண்டாம்.

படித்தது மண்டையில் நிற்பதில்லை, வேலையில் மெதுவாக இருக்கிறேன் என்கிறார்கள். நான் சோம்பேறியா?

குழந்தைப் பருவத்தில் தலைக்குக் கதிர்வீச்சு பெற்றவர்களுக்கும், முதுகுத்தண்டு வழியாக மெத்தோட்ரெக்ஸேட் போன்ற மருந்து பெற்றவர்கள் சிலருக்கும் கவனம் நிலைத்தல், ஒன்றைப் புரிந்துகொள்ளும் வேகம், பல வேலைகளை ஒருங்கே கையாளுதல் ஆகியவற்றில் குறை ஏற்படலாம். புத்திக்கூர்மை இருந்தும் வேகம் இல்லாததால், பள்ளியில் 'மந்தம்' என்று பெயர் வாங்கி, அதையே தன் இயல்பென்று நம்பி வளர்ந்தவர்கள் உண்டு. மருத்துவ உளவியலாளர் ஒருவரிடம் முறையான மதிப்பீடு செய்துகொண்டால் எதில் குறை, எதில் குறையில்லை என்பது தெரியும். பல வருடச் சுயவெறுப்பு அந்த ஒரு நாள் மதிப்பீட்டில் பாதி இறங்குவது உண்டு.

'நீ ஒரு போராளி' என்று எல்லோரும் சொல்லும்போது எரிச்சல் வருகிறது. நன்றி இல்லாதவனா நான்?

மீண்டவர்களில் பலர், நோய் தங்களுக்கு வேறொரு பார்வையைத் தந்தது, உறவுகளின் அருமையை உணர்த்தியது என்று உண்மையாகவே சொல்கிறார்கள். அதிர்ச்சிக்குப் பிந்தைய வளர்ச்சி என்று 1990களில் அமெரிக்க உளவியலாளர்கள் டெடெஸ்கியும் கால்ஹூனும் இதற்குப் பெயரிட்டார்கள். இங்கே கவனிக்க வேண்டியது, அந்த வளர்ச்சியும் மன உளைச்சலும் ஒரே மனிதரிடம் ஒரே நேரத்தில் இருக்கலாம் என்பதே.

சிக்கல், அந்த வளர்ச்சியை மற்றவர்கள் கடமையாக்கும்போது தொடங்குகிறது. போராளி அழக்கூடாது, பிழைத்தவர் குறை சொல்லக்கூடாது. பக்கத்துக் கட்டிலில் இருந்த குழந்தை பிழைக்கவில்லையே என்ற குற்ற உணர்வும் இதோடு சேர்ந்தால் வாயைத் திறக்கவே முடியாது. அந்தக் குழந்தை போராடாமல் போகவில்லை. அதன் நோய் மருந்துக்குக் கட்டுப்படவில்லை. எரிச்சல்படுவதற்கு உங்களுக்கு உரிமை உண்டு.

திருமணப் பேச்சில் எப்போது சொல்வது? குழந்தைக்கும் வருமா?

பரம்பரையாக வரக்கூடிய சில வகைகளைத் தவிர, எடுத்துக்காட்டாக விழித்திரைப் புற்றுநோயின் பரம்பரை வடிவத்தைத் தவிர, மீண்டவர்களின் பிள்ளைகளுக்குப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்று காணப்படவில்லை. கருத்தரிப்பு வேறு கேள்வி: சைக்ளோபாஸ்பமைட் போன்ற மருந்துகளும் அடிவயிற்றில் பட்ட கதிர்வீச்சும் ஆண், பெண் இருவரின் கருவளத்தையும் குறைக்கக்கூடும், ஆகவே பரிசோதித்துத் தெரிந்துகொள்வது நல்லது. இதயத்தைப் பாதிக்கும் மருந்து பெற்ற பெண்கள் கருத்தரிக்கும் முன்பே எக்கோ பார்த்துவிட வேண்டும்.

சொல்வதா என்ற கேள்விக்கு என் கருத்து: நிச்சயத்துக்கு முன், தரகரிடமோ சொந்தக்காரர்களிடமோ அல்ல, மணக்கப்போகிறவரிடம் நேரில் நீங்களே சொல்லுங்கள். மறைத்து நடந்த திருமணத்தில் மாத்திரைப் பெட்டியும் தழும்பும் தினசரிப் பொய்களைக் கேட்கும். பதற்றத்துக்கு அதைவிட நல்ல உரம் இல்லை. சிலர் விலகிப்போவார்கள், குறிப்பாகப் பெண்கள் விஷயத்தில் நம் குடும்பங்கள் இரக்கமின்றி நடந்துகொள்கின்றன. அந்த வலி உண்மையானது, அதற்கு இனிப்புத் தடவிய பதில் கிடையாது.

எந்தச் சிகிச்சை பலன் தரும்?

மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் எல்லோருக்கும் பலன் தரும் பேச்சுவழிச் சிகிச்சைகள், குறிப்பாக எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றக் கற்றுத்தரும் சிபிடி, இவர்களுக்கும் பயன்படுகின்றன. பிலடெல்ஃபியாவில் ஆன் கேஸாக்கின் குழு, பதின்பருவத்தில் உள்ள மீண்டவர்களையும் பெற்றோரையும் ஒரே நாளில் சேர்த்து உட்கார வைத்து நான்கு அமர்வுகளாக நடத்திய முறை, வீட்டையே நோயாளியாகக் கருதியதால் எனக்குப் பிடித்தமானது.

மாத்திரை எழுதும் மனநல மருத்துவரிடம் உங்கள் பழைய சிகிச்சையைக் கட்டாயம் சொல்லுங்கள். சிட்டலோப்ராம் போன்ற சில மனச்சோர்வு மாத்திரைகள் இதயத் துடிப்பின் மின்னோட்டத்தில் மாற்றம் உண்டாக்கலாம் என்பதால், இதயம் பாதிக்கப்பட்டவர்களுக்கு எச்சரிக்கை தேவை. புப்ரோபியான் என்ற இன்னொரு மனச்சோர்வு மாத்திரை வலிப்பைத் தூண்டக்கூடும் என்பதால் மூளைக்கட்டி இருந்தவர்களுக்கு ஏற்றதா என்று யோசிக்க வேண்டும்.

இதே வழியைக் கடந்தவர்களோடு பேசுவது இன்னொரு வகை மருந்து. மும்பை டாடா நினைவு மருத்துவமனை 1991-ல் சிகிச்சை முடித்தவர்களுக்கென்றே தனிக் கிளினிக் தொடங்கியது. 2009-ல் இந்தியப் புற்றுநோய்ச் சங்கத்தின் கீழ் மீண்டவர்களே சேர்ந்து 'உகம்' என்ற குழுவை அமைத்தார்கள்.

வாழவே வேண்டாம் என்று தோன்றினால்?

மேலே சொன்ன கூட்டாய்வில் தற்கொலை எண்ணம் இருந்ததாகச் சொன்னவர்கள் மீண்டவர்களில் 7.8 சதவீதம், கூடப்பிறந்தவர்களில் 4.6 சதவீதம். நோய் கண்டு எத்தனை ஆண்டுகள் ஆயின என்பதோடு அதற்குத் தொடர்பு காணப்படவில்லை. வலி, மனச்சோர்வு, மோசமான உடல்நிலை ஆகியவற்றோடு தொடர்பு இருந்தது. இவை மூன்றுக்கும் சிகிச்சை உண்டு. இந்தியாவில் 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநலச் சேவை இரவும் பகலும் இலவசமாகக் கிடைக்கிறது, தமிழிலும் பேசலாம். உடனடி ஆபத்து என்றால் அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். தனியாகப் போக வேண்டாம்.

பழைய ஃபைல் தொலைந்துவிட்டது. எங்கிருந்து தொடங்குவது?

சிகிச்சை பெற்ற மருத்துவமனையின் மருத்துவப் பதிவேட்டுப் பிரிவில், பெயர், பெற்றோர் பெயர், ஏறத்தாழ எந்த ஆண்டு என்பதைச் சொல்லிக் கேளுங்கள்; பழைய நோயாளி எண் எழுதிய அட்டை பீரோவின் அடியில் எங்காவது கிடக்கலாம். பதிவேடு அழிக்கப்பட்டிருந்தால் உடம்பே சில குறிப்புகளை வைத்திருக்கும்: காறையெலும்புக்குக் கீழே மருந்து ஏற்றும் குழாய் வைத்த சிறு தழும்பு, கதிர்வீச்சு கொடுக்க இடம் குறித்த நீலக் கருப்பில் பச்சை குத்திய புள்ளிகள். பிறகு அம்மாவிடம் உட்கார்ந்து கேளுங்கள். மருந்தின் பெயர் அவருக்குத் தெரியாவிட்டாலும், 'சிவப்பு மருந்து' ஏற்றியதும் சிறுநீர் சிவப்பாகப் போனது அவருக்கு மறந்திருக்காது. டாக்ஸோரூபிசினோ அந்த வகையைச் சேர்ந்த மருந்தோ கொடுத்திருக்கலாம் என்று டாக்டர் ஊகிக்க அது போதும்.